புறநகரில் வீடு வாங்குமுன்: தாளும் தண்ணீரும்

பெங்களூரில் வேர்விட்ட நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘சைட்’. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் எனப் பழைய பகுதிகளில் சிறு வீடுகளில் காலம் தள்ளிய பெற்றோரின் பிள்ளைகள், இன்று கணவனும் மனைவியுமாகச் சம்பாதித்து, சர்ஜாபுரம், வர்த்தூர், ஆனேக்கல், தேவனஹள்ளி என ஊருக்கு வெளியே, மதில் எழுப்பிக் காவலாள் போட்ட குடியிருப்புகளில் வீடோ மனையோ வாங்க அலைகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்கு வரும் நண்பர்களில் ஒருவராவது ஒரு கோப்பை என் கையில் கொடுத்து, “சார், நீங்க இஞ்சினியர் ஆச்சே, ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க” என்பது வழக்கமாகிவிட்டது.

நான் வழக்கறிஞன் அல்லன். சிவில் பிரிவில் டிப்ளமா முடித்துத் தென்னக இரயில்வேயில் சேர்ந்து, பாதை, பாலம், நிலம் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் வெயிலில் நின்று, தென்மேற்கு இரயில்வேயில் ஓய்வு பெற்றவன். ஆகவே பத்திரத்தின் சட்ட நுட்பங்களை வழக்கறிஞரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. வழக்கறிஞர் பார்த்துத் தரும் தாள்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று இருக்கிறது. அது மழைத் தண்ணீர் போகும் வழி. பெங்களூர்ப் புறநகரில் வீட்டை இழந்தவர்கள் பலர், மற்ற எல்லாத் தாள்களும் கையில் இருந்தும் இந்த ஒன்றினால் இழந்தவர்கள்.

கோப்பில் இருக்கும் தாள்கள்

கோப்பைத் திறந்தால் எல்லாம் கன்னடத்தில் இருக்கும். நம்மவர்களுக்கு அங்கேயே பாதி ஊக்கம் போய்விடுகிறது. ஆனால் பெயர்தான் புதிது, பொருள் நாம் ஊரில் அறிந்ததே. நம் ஊர் அடங்கலும் சிட்டாவும் சேர்ந்தது போன்ற ஒன்று இங்கே ‘பஹணி’, ஆர்.டி.சி. என்றும் சொல்வார்கள். நம் வில்லங்கச் சான்று இங்கே ‘ருணபார பத்திரம்’, பேச்சு வழக்கில் ஈ.சி. நம் கிராம நத்தம் இங்கே ‘கிராம டாணா’. மேய்க்கால் புறம்போக்கு இங்கே ‘கோமாளா’. தோப்புப் புறம்போக்கு ‘குண்டு தோப்பு’. தாய்ப்பத்திரத்தை இங்கும் தாய்ப்பத்திரம் என்ற பொருளிலேயே சொல்கிறார்கள்.

அளவுகளையும் பழகிக்கொள்ள வேண்டும். இங்கே ஏக்கருக்கு 40 குண்டா. ஒரு குண்டா 1,089 சதுர அடி, அதாவது நம் கணக்கில் இரண்டரை சென்ட். 40-க்கு 60 சைட் என்றால் 2,400 சதுர அடி. சென்னைக்காரர்கள் சொல்லும் ஒரு கிரவுண்டு அதுவே. 30-க்கு 40 என்றால் அரை கிரவுண்டு.

நம்மவர்கள் ‘காத்தா’ என்ற சொல்லுக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறார்கள். காத்தா என்பது சொத்துவரிப் பதிவேட்டில் யார் பெயரில் வரி வசூலிக்கப்படுகிறது என்ற கணக்கு. அது உரிமையைக் காட்டும் பத்திரம் ஆகாது. ஒழுங்குபட்ட சொத்துக்கு ‘ஏ’ காத்தா, விதிமீறல் உள்ளவற்றுக்கு ‘பி’ காத்தா என்ற பாகுபாடு, மாநகராட்சி 2007-இல் சுற்றுப்புறக் கிராமங்களைச் சேர்த்துக்கொண்டு விரிந்த பிறகு எல்லார் வாயிலும் அடிபட்டது. ‘பி’யை ‘ஏ’ ஆக்கித்தரும் திட்டம் ஒன்றை 2025-இல் அரசு அறிவித்தது. 2024 இறுதியிலிருந்து மின்-காத்தா இல்லாமல் பத்திரப் பதிவும் இல்லை. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, மேலே பெரும் பெங்களூர் ஆணையம் வந்துவிட்டது. ஆகவே உங்கள் கோப்பில் உள்ள முத்திரை எந்த அலுவலகத்தினுடையது, அது இன்று எந்த அலுவலகம் என்பதையே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. ஊராட்சி எல்லைக்குள் என்றால் காத்தாவுக்குப் பதில் ‘இ-ஸ்வத்து’ வழி வரும் படிவம் 9, 11 என்று போகும்.

இவ்வளவும் பெரும்பாலோர் பார்ப்பதுதான். பார்க்காதது, பஹணியில் மூன்றாம் கட்டம்.

மூன்றாம் கட்டத்தில் உள்ள ‘கராப்’

பஹணியின் மூன்றாம் கட்டத்தில் நிலத்தின் பரப்பு இருக்கும். மொத்தம் இத்தனை ஏக்கர் இத்தனை குண்டா என்று முதல் வரி. அதற்குக் கீழே ‘பூட் கராப்’ என்று இரண்டு வரிகள். ஒன்றில் ‘அ’ என்றும் மற்றதில் ‘ப’ என்றும் குறி இருக்கும். ஆங்கிலத்தில் ஏ, பி என்கிறார்கள். இவை இரண்டையும் கழித்த பின் எஞ்சிய பரப்பு கடைசி வரி.

கராப் என்றால் தீர்வை விதிக்கப்படாத தரை. 1966-ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய் விதிகளில் இதற்கு விளக்கம் இருக்கிறது. ‘அ’ கராப் என்பது அளவை செய்த காலத்தில் பாறை, மேடு, களத்துமேடு என்று பயிருக்கு உதவாமல் கிடந்த இடம். இது நிலத்துக்காரருடைய அனுபவத்தோடு சேர்ந்தே போகும். ‘ப’ கராப் அப்படியன்று. பொதுப் பயனுக்கென ஒதுக்கியது, ஊர்ப் பாதை, சுடுகாடு, மற்றவர் பாசனத்துக்கும் பயன்படும் ஏரி அல்லது ஓடை செல்லும் இடம் ஆகியவை இதில் அடங்கும். நிலம் ஒருவர் பெயரில் இருக்கும்; ஆனால் அதன் நடுவே செல்லும் அந்த ஐந்து குண்டாவோ ஆறு குண்டாவோ அவருடையது அன்று. அவர் விற்க முடியாது, நாம் வாங்கவும் முடியாது. நம் ஊரில் பட்டா நிலத்தின் நடுவே வாய்க்கால் புறம்போக்கு ஓடுமே, அதே கதை.

இப்போது ஒரு நிறுவனம் பத்து சர்வே எண்களைச் சேர்த்து வாங்கி, விவசாய நிலத்தை 1964-ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டம் 95-ஆம் பிரிவின்படி மாற்றி, மனையாகப் பிரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கைக்கு வரும் பத்திரத்தில் “மனை எண் 47, கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி” என்று மட்டும் இருக்கும். அந்த 47-ஆம் எண் எந்தப் பழைய சர்வே எண்ணின் மேல், அதற்குள் கராப் மேலா அல்லாமலா உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பத்திரம் சொல்லாது. வில்லங்கச் சான்றும் சொல்லாது. அதில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். வாய்க்கால் எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் போய்க் கையெழுத்திட்டதில்லை.

அதைச் சொல்லும் தாள் கிராம வரைபடம். ஒவ்வொரு கிராமத்துக்கும் சர்வே துறை வரைந்த படம் உண்டு. ஏரி, ஓடை, வண்டிப்பாதை எல்லாம் அதில் கோடுகளாக இருக்கும்.

மேட்டு ஊரில் வெள்ளம் ஏன்?

“கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிற ஊர்லே வெள்ளமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூர் ஒரு முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது ஹெப்பால் பள்ளத்தாக்கு வழியாகவும், பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி என்று நிரப்பிக்கொண்டு கோரமங்களா – செல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகவும் தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மிதக்கிறது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது நம் வீட்டுச் சாக்கடையும் சேர்ந்ததுதான். கிருஷ்ணகிரி, சாத்தனூர் கடந்து கடலூர் வரை போகும் தண்ணீருக்கு இங்கே தலைவாசல்.

பெரிய ஆறு இல்லாத ஊர் ஆதலால் முன்னோர் பள்ளத்துக்குப் பள்ளம் கரை போட்டு ஏரி கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். அந்த வழி ‘காலுவே’, பெரியதானால் ‘ராஜகாலுவே’. நமக்கு இதில் அகராதியே தேவையில்லை. ஏரி இங்கே கெரே. தூம்பு இங்கே தூபு. வடாற்காடு, தருமபுரிப் பக்கத்தவர்கள் “ஏரி கோடி போகுது” என்பார்கள்; இங்கும் கோடி என்பதே சொல். கோடிஹள்ளி, கோடிச்சிக்கனஹள்ளி என்ற பெயர்களைக் கேட்டதும் நம் காது விழித்துக்கொள்ள வேண்டாமா?

அந்தக் கோடிச்சிக்கனஹள்ளியில்தான் 2016 ஜூலை இறுதியில் வீதிகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதையடுத்து ஆகஸ்டில் மாநகராட்சி பழைய கிராம வரைபடங்களை எடுத்துவைத்து, ராஜகாலுவேயின் மேல் எழுந்த கட்டடங்களைக் குறியிட்டு இடிக்க ஆரம்பித்தது. பன்னேர்கட்டா சாலைப் பக்கம் அவனி சிருங்கேரி நகர், சர்ஜாபுர சாலைப் பக்கம் கசவனஹள்ளி என்று பொக்லைன் போன இடங்களில், அதே மாநகராட்சி வரைபட ஒப்புதல் கொடுத்த வீடுகளும் இருந்தன. வரி கட்டிய ரசீது, காத்தா, வங்கிக் கடன் எல்லாம் வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் தெருவில் சாமானோடு நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஓர் அலுவலகத்தின் முத்திரை, அதைவிட வயதான இன்னொரு அலுவலகத்தின் கோட்டை அழிக்கவில்லை. அளவை சரிதானா, வாய்க்கால் போன இடம் அதுதானா என்ற வாதமெல்லாம் வீடு விழுந்த பிறகு நடந்தது. வீடு போனாலும் கடன் தவணை நிற்கவில்லை என்பதை இளையவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்பு 2022 செப்டம்பர். இம்முறை பாதிக்கப்பட்டவர்கள் பல கோடி கொடுத்து வாங்கியவர்கள். சர்ஜாபுர சாலையில் ரெயின்போ டிரைவ் குடியிருப்பிலிருந்து மக்களை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஏமலூரில் படகு விட்டார்கள். பணக்காரர்களுக்கு வந்தபோது செய்தி பெரிதாயிற்று என்பது வேறு விஷயம். ஈஜிபுரா, ஆடுகோடிப் பக்கத்து ஏழைகளுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருவது ஆண்டுதோறும் பழக்கம்.

நம் சென்னையிலும் இதே கதைதான். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியபோது, அடையாற்றின் வெள்ளப் படுகையில் மனை போட்டு விற்றதை யாரும் மறுக்கவில்லை.

ஒரு மனையைப் பார்த்த கதை

என் தம்பி மகளும் அவள் கணவரும் சென்ற ஆண்டு சர்ஜாபுரத்துக்கு அப்பால் ஒரு மதில் குடியிருப்பில் மனை பார்த்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். ஒரு லட்சம் முன்பணமும் கட்டியாகிவிட்டது. கோப்பைக் காட்டத்தான் வந்தார்கள். கருத்துக் கேட்க என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை, “மாமா, பேங்க்லயே லோன் சாங்ஷன் பண்ணிட்டாங்க. அவங்க வக்கீல் பார்க்காமலா இருப்பாங்க?” என்றார். நியாயமான கேள்வி. வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். வங்கிக்கு உங்கள் சம்பளமும் பிணையம்தானே என்றேன். சிரித்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

பஹணியில் மூன்றாம் கட்டத்தைப் பார்த்தேன். மொத்தம் 3 ஏக்கர் 20 குண்டா. ‘அ’ கராப் 2 குண்டா, ‘ப’ கராப் 7 குண்டா. ஏழு குண்டா என்றால் 7,623 சதுர அடி. வாய்க்கால் 24 அடி அகலம் என்று வைத்தால் 317 அடி நீளம். அந்த சர்வே எண்ணின் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரைக்கும் அது சரியாகப் பொருந்துகிற நீளம். அப்படியானால் ஓரத்தில் ஒதுங்கிய பள்ளமாக இருக்க முடியாது, நிலத்தின் குறுக்கே ஓடுகிறது. நிறுவனத்தின் வண்ணப் படத்தில் அதே இடத்தில் பச்சைப் பட்டை ஒன்று, ‘நடைப் பூங்கா’ என்று. அவர்கள் மனைக்கும் பூங்காவுக்கும் நடுவே ஒரு சாலை. பூங்காவைப் பார்த்த மனை என்று சதுர அடிக்கு நூறு ரூபாய் கூடுதல் வேறு!

மறு ஞாயிறு நேரில் போனோம். முந்தின இரவு நல்ல மழை. வாய்க்கால் எங்கே என்று விற்பனைக்காரரைக் கேட்டேன். “அதெல்லாம் இப்ப இல்லை சார், பைப் போட்டு மூடிட்டோம், மேலே கார்டன் வரும்” என்றார். எத்தனை அடிக் குழாய் என்றேன். இரண்டடி என்றார்.

இங்கே என் தொழில் கணக்கைச் சற்றுச் சொல்கிறேன். பாலத்துக்கு எவ்வளவு கண் விடவேண்டும் என்று இரயில்வேயில் முதலில் பார்ப்பது, மேலே எவ்வளவு பரப்பில் விழும் மழை அந்த இடத்துக்கு வருகிறது என்பதை. அந்த மனைப்பிரிவுக்கு மேலே உள்ள சிற்றேரிக்கு வரும் நிலத்தைக் கிராம வரைபடங்களில் அளந்தால் ஒரு சதுர கிலோமீட்டர் வந்தது. ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் கொட்டுகிறது, அதில் பாதி மண்ணில் போய்ப் பாதி ஓடுகிறது என்று எளிதாகவே வைப்போம். வினாடிக்கு 8 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் வரும். ஏரி நிரம்பி இருந்தால் அதில் பெரும்பகுதி கோடி வழியாகக் கீழே வந்தே தீரும். இரண்டடிக் குழாய் நிறைந்து, வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் கொண்டுபோவது அரை கன மீட்டரைச் சற்றே தாண்டும். பதினைந்தில் ஒரு பங்கு. மீதிப் பதினான்கு பங்கு எங்கே போகும்? நடைப் பூங்காவில் நடக்கும். பிறகு சாலை, பிறகு என் தம்பி மகளின் வரவேற்பறை. நிலம் முழுவதும் வீடும் சிமெண்டுத் தரையுமாக ஆன பிறகு பாதி மண்ணில் போகும் என்ற கணக்கும் நிற்காது.

மதிலுக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தேன். “கெரே கோடி பித்ரே இல்லெல்லா நீரே சாமி” என்றார். ஏரி கோடி போனால் இங்கெல்லாம் தண்ணீர்தான் என்று. மாப்பிள்ளைக்குக் கன்னடம் என்னைவிட நன்றாக வரும், மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வேறு மனை மாற்றித் தருகிறோம் என்றார்கள். மேட்டுப் பக்கம் ஒன்று காட்டினார்கள். மேட்டுப் பக்கத்து வீடு நனையாது, உண்மை. ஆனால் வெளியே போகும் ஒரே சாலை அந்தக் குழாயின் மேல்தான் போகிறது. தவிர, பொது வாய்க்காலை மூடியதற்கு நாளை நோட்டீஸ் வந்தால் குடியிருப்போர் சங்கம் முழுவதற்கும் சேர்த்துத்தான் வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு மாதம் அலைந்து முன்பணத்தில் எழுபத்தைந்தாயிரம் திரும்பி வந்தது. இருவரும் இன்னமும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். “பெரியப்பா, அந்த சைட் இப்போ எவ்வளவு ஏறிடுச்சு தெரியுமா?” என்று தம்பி மகள் அவ்வப்போது கேட்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு. அந்த வட்டாரத்தில் விலை ஏறியது உண்மைதான், நான் மறுப்பதில்லை.

எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

வாய்க்காலின் மேல் இருக்கக் கூடாது என்றால் பக்கத்தில் எவ்வளவு தூரம்? 2007-இல் ஒப்புதல் பெற்ற பெங்களூர் பெருந்திட்டம், ஏரியிலிருந்து 30 மீட்டர் என்றும், காலுவேயின் நடுக்கோட்டிலிருந்து அதன் தரத்துக்கு ஏற்ப 50, 25, 15 மீட்டர் என்றும் வைத்தது. 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்று உயர்த்தியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதற்குப் பின்னும் அரசு இந்த அளவுகளைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே பத்திரம் பதியும் நாளில் எது சட்டம் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆனால் தண்ணீருக்கு அரசாணை தெரியாது. சட்டம் 15 மீட்டர் என்றாலும் தரை மட்டம் தாழ்வாக இருந்தால் நான் 50 மீட்டருக்குள் வாங்கமாட்டேன்; மட்டம் நல்ல உயரமாக இருந்தால் சட்டம் சொன்ன தூரமே போதும்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புறநகர் நிலங்களில் அட்டவணை சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலங்கள் நிறைய. 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதி இல்லாமல் அவற்றை விற்றது செல்லாது. 2023-இல் வந்த திருத்தம், எத்தனை ஆண்டு கழித்தும் வழங்கப்பட்டவரின் வாரிசு கேட்கலாம் என்று ஆக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் ஏழைக்கு நியாயம் செய்யவே வந்தது, குறை சொல்வதற்கில்லை. நாம் வாங்கும் நிலம் அதில் வருமா என்று தாய்ப்பத்திரத்துக்கும் பின்னால் போய், முதலில் அந்த நிலம் அவர்களுக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் உள்ள எந்தத் திட்டமும் 2016-ஆம் ஆண்டின் ரேரா சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறை ஐந்து ஆண்டுக்குள் தெரியவந்தால் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் ரேரா எண் இருப்பதாலேயே நிலத்தில் வாய்க்கால் இல்லை என்று ஆகாது. கட்டிய வீடு என்றால் குடிபுகும் சான்று, அதாவது ஓ.சி., இல்லாமல் சாவி வாங்காதீர்கள். அது இல்லாத கட்டடங்களுக்கு மின்சாரமும் குடிநீரும் தரக் கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைப்பிரிவில் மதிலும் கேட்டும் இருப்பதால் உள்ளே இருக்கும் சாலையும் பூங்காவும் நமக்குச் சொந்தம் என்று எண்ண வேண்டாம். ஒப்புதல் பெறும்போதே அவை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படும்.

குடிநீர்? காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி, 2007-இல் சேர்ந்த 110 கிராமங்களுக்கென வந்தது. அதற்கு வெளியே வாங்குபவர்கள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பித்தான் வாங்குகிறார்கள். 2024 கோடையில் லாரித் தண்ணீருக்கு என்ன பாடுபட்டோம் என்பதை இங்கு எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று, இது என் துறை ஆனதால் சொல்லாமல் விட மனமில்லை. “சார், பக்கத்திலேயே புறநகர் இரயில் வருது” என்று விற்கிறார்கள். 148 கிலோமீட்டர், நான்கு தடம் என்று 2020-இல் ஒப்புதலாகி, 2022 ஜூனில் அடிக்கல் நாட்டிய திட்டம் அது. இதை எழுதும் இன்று வரை அதில் ஒரு வண்டியும் ஓடவில்லை. ஓடும், ஓடினால் நல்லது. ஆனால் வராத வண்டிக்கு இன்றைக்கே டிக்கெட் பணம் கொடுக்க வேண்டுமா? பொம்மசந்திரா வரை மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்தது. வந்த பிறகு வாங்குவது வேறு கணக்கு.

பார்க்கப் போகும் நாளில்

கிராம வரைபடத்தைச் சர்வே துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். ‘திஷாங்க்’ என்று அரசின் கைப்பேசிச் செயலி ஒன்று உண்டு. நிற்கும் இடத்தின் சர்வே எண்ணையும், பழைய வரைபடத்தில் அங்கே ஏரியோ காலுவேயோ இருக்கிறதா என்பதையும் காட்டும். அது வழிகாட்டிதான், சில அடிகள் முன்பின் இருக்கும். சந்தேகம் வந்தால் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். மனை விலையில் பத்திரச் செலவே ஏழரை சதவீதத்துக்கு மேல் ஆகிறது. சர்வேயருக்குக் கொடுப்பது அதில் தூசு. கன்னடம் படிக்க வராதவர்கள் அடுத்த வீட்டுக் கன்னடக்காரரைக் கேளுங்கள். ஒருவரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

போவதென்றால் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, மழை பெய்த மறுநாள் போங்கள். கோடையில் பார்த்தால் எல்லா நிலமும் மேடுதான். இரயில் பாலத் தூண்களில் அதுவரை கண்ட அதிகபட்ச வெள்ள மட்டத்தை வண்ணத்தில் எழுதிவைப்போம். வீட்டுக்கு அப்படி யாரும் எழுதுவதில்லை; பழைய மதில்களில் கறை படிந்த கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்து மின்மாற்றி மேடை வழக்கத்தைவிட உயரமாகக் கட்டியிருந்தால் ஏன் என்று லைன்மேனிடம் கேளுங்கள். அருகில் இரயில் பாதை போனால் அதன் கீழே சிறுபாலம் எங்கெங்கே இருக்கிறது என்று நடந்து பாருங்கள். நூறு ஆண்டுக்கு முன் பாதை போட்டவன் காரணமில்லாமல் கண் விட்டிருக்கமாட்டான். அந்தக் கண்ணுக்கு நேர் கீழே மனை போட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பிறகு விற்பனைக்காரர் இல்லாத நேரத்தில், மதிலுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, 2022-இல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.